ஓவியம் பிடிக்கும், அது போதுமா?

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, நானும் கலை வரலாற்றில் ஆய்வு முதுகலை படித்தவள்தான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் போலிருக்கிறது. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கணக்குப் படித்து ஆறு வருடமாகக் கணக்கு வேலைதான் பார்க்கிறேன். ஓவியம் என்றால் எனக்கு உயிர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மியூசியத்துக்குத்தான் போவேன். கலை வரலாற்றில் ரிசர்ச் மாஸ்டர்ஸ் செய்யலாமா என்று பார்க்கிறேன். சாதாரண எம்.ஏ.வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? என்னை எடுத்துக்கொள்வார்களா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: எடுப்பார்களா என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் வித்தியாசம். சாதாரண எம்.ஏ.வில் வகுப்பு, வாசிப்புப் பட்டியல், கட்டுரை, பரீட்சை எல்லாவற்றையும் அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள், கடைசியில் சின்னதாக ஓர் ஆய்வேடு. ஆய்வு முதுகலையில் இது தலைகீழ். வகுப்பு கொஞ்சம்தான், சில இடங்களில் வகுப்பே கிடையாது, ஒரு கைடு, ஒரு தலைப்பு, ஒரு தீசிஸ், அப்புறம் நீங்களும் உங்கள் மேஜையும். காலையில் எழுந்தால் இன்று என்ன படிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்காது. சிலருக்கு அது சொர்க்கம். எனக்கு முதல் மூன்று மாதம் பைத்தியம் பிடிக்காத குறை.

பட்டத்தின் பெயரை வைத்து ஏமாறாதீர்கள். பிரிட்டனில் எம்.ஏ. பை ரிசர்ச், எம்.ரெஸ்., எம்.ஃபில். என்று பல பெயரில் இருக்கிறது, அதிலும் எம்.ஃபில். என்ற ஒரே பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் இருக்கும், இன்னொன்றில் முழுக்க தீசிஸாக இருக்கும். நெதர்லாந்தில் ரிசர்ச் மாஸ்டர்ஸ் என்றால் 2 வருடம், 120 கிரெடிட். அங்கேயே சாதாரண கலை வரலாற்று மாஸ்டர்ஸ் 1 வருடம், 60 கிரெடிட். அமெரிக்காவில் இளங்கலை முடித்தவரை நேராக பிஎச்.டி.யில் சேர்த்துக்கொண்டு, முதுகலைப் பட்டத்தை நடுவழியில் கையில் கொடுக்கிற துறைகள் உண்டு. அதனால் விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைத் திறந்து, மொத்தத்தில் எவ்வளவு பங்கு தீசிஸுக்கு என்று மட்டும் பாருங்கள். உங்கள் இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்பது அந்த எண்ணில் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் விஷயம். வேறு துறையிலிருந்து வருகிறவர்களைப் பல இடங்களில் நேராக ஆய்வுப் பட்டத்தில் எடுக்கத் தயங்குவார்கள். படத்தைப் பார்த்து எழுதுகிற பயிற்சி இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுத்து மாதிரி ஒன்று கேட்கிறார்கள். ஒரு வருட டிப்ளமோவோ வகுப்பு வழி எம்.ஏ.வோ முடித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையில் அது உங்களுக்குத்தான் நல்லது.

ஆனால் ஒன்று. ஆறு வருடம் கணக்குப் புத்தகம் பார்த்ததை விண்ணப்பத்தில் ஒளித்துவைக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அதைச் செய்யாதீர்கள். குவெர்சினோ என்று 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஒருவர். அவருடைய பட்டறைக் கணக்குப் புத்தகம் 1629இலிருந்து இன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் அதை எழுதியவர் அவருடைய தம்பி. குவெர்சினோ படத்துக்கு விலை வைத்தது தலையை எண்ணி! முழு உருவம் என்றால் ஒரு விலை, இடுப்பு வரை என்றால் அதில் பாதி, முகம் மட்டும் என்றால் அதிலும் பாதி. அப்படியானால் ஒரு புனிதர் படத்தில் ஓரமாக நிற்கும் ஆளை இடுப்போடு நிறுத்தியது அழகுக்காகவா, வாங்கியவரின் பை அவ்வளவுதான் இடம் கொடுத்ததா? பார்த்தீர்களா, இது ஒரு ஆய்வுக் கேள்வி. வரவு செலவு படிக்கத் தெரிந்த ஆளுக்கு இந்தத் துறையில் செய்ய நிறைய இருக்கிறது. கலை வரலாறு படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தாலே கண்ணைக் கட்டும், நான் உட்பட.

ஓவியம் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. தேர்வுக் குழு அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும், ஏனென்றால் வருகிற விண்ணப்பம் எல்லாம் சின்ன வயதில் ஒரு படத்தின் முன்னால் மெய்மறந்து நின்ற கதையில்தான் ஆரம்பிக்கும். பிடித்ததைச் சொல்லுங்கள், ஒரே வரியில். மீதி இடத்தில் உங்களுக்கு எது புரியவில்லை என்று எழுதுங்கள்.

கேள்வி: "மறுமலர்ச்சிக் கால ஓவியத்தில் பெண்கள்" என்று தலைப்பு வைத்து சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) அனுப்பினேன். "ரொம்ப அகலம்" என்ற இரண்டே சொல்லோடு திரும்பி வந்துவிட்டது. எப்படிக் குறுக்குவது?
(விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாணவி)

பதில்: சிரிப்பு வந்தது, உங்களைப் பார்த்து இல்லை, என் பழைய சினாப்சிஸை நினைத்து. என்னுடையது உங்களுடையதைவிட அகலம், இரண்டு கண்டமும் மூன்று நூற்றாண்டும் இருந்தது. என் கைடு அதை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "இதில் எந்தப் படத்தைப் பற்றி எழுதப் போகிறாய், அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நூறு படம் தெரியும், ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்தது கிடையாது.

அதனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள், ஒரே ஒரு படத்தின் முன்னால் நேரம் செலவழியுங்கள். ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரு படத்தை முழுசாக மூன்று மணி நேரம் பார்க்கச் சொல்வார். அவரே செய்து பார்த்தும் எழுதியிருக்கிறார். படம், ஜான் சிங்கிள்டன் காப்ளி என்ற அமெரிக்க ஓவியர் 1765இல் வரைந்தது: ஒரு பையன், சங்கிலியில் கட்டிய ஒரு குட்டி அணில், மேஜையில் ஒரு தண்ணீர் டம்ளர், பின்னால் சிவப்புத் திரை. பையனின் காது மடலும் அணிலின் வயிற்றோர மென்மயிரும் ஒரே வடிவம் என்று தெரிய அவருக்கு 9 நிமிடம் ஆனது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் இடைவெளி, கீழே இருக்கும் டம்ளரின் விட்டத்துக்குச் சரியாக இருக்கிறது என்று தெரிய 21 நிமிடம். திரையின் மடிப்புகளில் அந்தக் காதும் கண்ணும் திரும்ப வருகின்றன என்று தெரிய முக்கால் மணி. படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கே இவ்வளவு நேரம் ஆனது. நாம் மியூசியத்தில் ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், அதிலும் பாதி பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கப் போய்விடும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். சோஃபோனிஸ்பா ஆங்குயிசோலா என்ற 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பெண் ஓவியரின் ஒரு படம் இத்தாலியில் சியனாவில் இருக்கிறது, 1559 வாக்கில் வரைந்தது. அதில் அவருடைய ஆசிரியர் பெர்னார்டினோ காம்பி, கையில் தூரிகையோடு, சோஃபோனிஸ்பாவின் உருவத்தை ஒரு கித்தானில் (ஓவியத் துணியில்) வரைந்துகொண்டிருக்கிறார். அதாவது மாணவி வரைந்த படத்துக்குள் ஆசிரியர் மாணவியை வரைகிறார். வரையப்படும் சோஃபோனிஸ்பா, வரைகிற ஆசிரியரைவிடப் பெரிதாக இருக்கிறார். இது குருபக்தியா, குறும்பா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ஓவியர்கள் தங்களைத் தாங்களே வரைந்த மற்ற படங்கள், அவருக்கு யார் யாரிடமிருந்து என்ன கடிதம் வந்தது, படத்தை யார் வாங்கினார்கள் என்று வெளியே போனால், நீங்கள் எழுத நினைத்த "மறுமலர்ச்சிக் காலப் பெண்கள்" எல்லாரும் தானாக வந்து சேர்வார்கள், ஆனால் இந்தத் தடவை எல்லாரையும் கோக்க உங்கள் கையில் ஒரு நூலிழை இருக்கும்.

குறுக்கிய பிறகு, இந்தப் படத்தை என்னால் நேரில் போய்ப் பார்க்க முடியுமா, தனியார் வீட்டுச் சுவரில் பூட்டிக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். எழுத்து ஆதாரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எந்த மொழியில் என்று பாருங்கள். ஏற்கெனவே யாராவது இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்களா என்பதையும்தான். கேட்டிருந்தால் ஓடிவிட வேண்டியதில்லை, அவர் சொன்னது உங்கள் கண்ணுக்குச் சரியாகப் படுகிறதா என்பதே ஒரு தலைப்பு.

என் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரே படத்துக்கு வந்து சேர்ந்தேன், அதன் முகத்தை ஒரு மாதம் பார்த்தேன், ஒன்றும் பெயரவில்லை. கடைசியில் மியூசியத்தின் பொருள் கிடங்கில் இருந்தவர் கையுறை போட்டுக்கொண்டு படத்தைத் திருப்பிக் காட்டினார். முதுகில் கிழிந்த கண்காட்சிச் சீட்டு ஒன்று, சாக்பீஸில் ஏதோ எண், பழைய ஆணித் துளைகள். கித்தானைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கும்போது ஆணிக்கு ஆணி நூல் அலை அலையாக வளையும், வண்ணப் பூச்சு காய்ந்த பின் அந்த அலை அப்படியே நின்றுவிடும். அந்தப் படத்தில் மூன்று பக்கம் அலை இருந்தது, இடது ஓரத்தில் நூல் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது யார், எப்போது, இடது பக்கம் யார் நின்றுகொண்டிருந்தார்கள்? என் தீசிஸ் அன்று மத்தியானம்தான் ஆரம்பித்தது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் "இரவுக் காவல்" படத்தையே 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகரமன்றச் சுவரில் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள், என் படத்துக்கு நடந்தது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை.

கேள்வி: வேதியியல் படிக்கும் நண்பன், "உங்கள் படிப்பில் ஆளுக்கொரு கருத்து சொல்வீர்கள், நிரூபிக்க ஒன்றும் கிடையாது" என்று கிண்டல் செய்கிறான். என்ன பதில் சொல்வது?
(கலை வரலாற்று மாணவர்)

பதில்: அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்களுக்கு வேதியியல் ஆட்கள் தேவை. பிரஷ்யன் நீலம் என்ற நிறமி 1700களின் தொடக்கத்தில்தான் பெர்லினில் உருவானது. 1650இல் வரைந்தது என்று சொல்லும் படத்தில் அது இருந்தால் கதை கந்தல். ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்ற ஆள் வருடக்கணக்கில் நிபுணர்களுக்கெல்லாம் தண்ணி காட்டினார். இல்லாத பழைய படங்களை அவரே வரைந்து, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஓவியர்கள் பெயரில் விற்றார். 1914இல் வரைந்ததாகச் சொல்லி விற்ற ஒரு படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்த வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். 2011இல் தண்டனை.

ஆனால் ஆய்வுக்கூடம் சொன்னதோடு விஷயம் முடியாது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். அந்த நிறமி பின்னால் யாரோ பழுது பார்த்தபோது பூசியதா, முதல் பூச்சிலேயே இருந்ததா என்று அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும், படத்தின் பழைய உடைமையாளர் கதையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கருத்து ஆளுக்கொன்று இருக்கும்தான். எதைக் காட்டினால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பிரெஞ்சு, ஜெர்மன் தெரியாமல் கலை வரலாற்றில் ஆய்வே செய்ய முடியாதாமே, உண்மையா?
(ஒரு வாசகர்)

பதில்: பாதி உண்மை. இந்தத் துறை பல்கலைக்கழகத்தில் வேர் பிடித்தது ஜெர்மன் மொழியில். வோல்ஃப்ளின், வார்பர்க், பனோஃப்ஸ்கி என்று இந்தத் துறையின் பெரிய அறிஞர்கள் எல்லாரும் அதில் எழுதியவர்கள். 1933இல் நாஜிகள் வந்ததும் யூதரான பனோஃப்ஸ்கிக்கு ஹாம்பர்க்கில் வேலை போய், அமெரிக்கா போய் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். வார்பர்க் சேர்த்துவைத்த நூலகத்தையே, அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, அதே 1933 டிசம்பரில் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றும் அங்கே இருக்கிறது. புத்தகங்களை அகர வரிசையில் அடுக்காமல், நீங்கள் தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தேவை என்று நீங்களே அறியாத புத்தகம் இருக்கும்படி அடுக்கிய நூலகம் அது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஓவியர் எந்த மொழியில் கடிதம் எழுதினாரோ, உங்கள் கோயிலில் எந்த எழுத்தில் கல்வெட்டு இருக்கிறதோ, அந்த மொழி முதலில். அது இல்லாமல் ஜெர்மன் மட்டும் கற்றுக்கொண்டு வந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பேச வர வேண்டியதில்லை, அகராதியை வைத்துக்கொண்டு பத்து வரி படிக்க வந்தால் முதுகலைக்குப் போதும். தமிழ் தெரிந்தவர்கள் இதில் ஒரு பெரிய சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு தெரியவில்லையே என்று அழுகிறோம் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

கேள்வி: என் மகள் இந்தப் படிப்புக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். தடுக்க மனமில்லை. ஆனால் முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாரும் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள்.
(ஒரு தந்தை)

பதில்: நேராகவே சொல்கிறேன் ஐயா. இடங்கள் குறைவு, போட்டி அதிகம், ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. பெரிய மியூசியத்தில் கியூரேட்டர் (சேகரிப்புக்குப் பொறுப்பாளர்) ஆக வேண்டுமென்றால் பல இடங்களில் பிஎச்.டி. எதிர்பார்க்கிறார்கள், கல்லூரியில் பாடம் எடுப்பதற்கும் அதே நிலைமை. ஆய்வு முதுகலை அதற்கு முந்தின படி.

அதே சமயம், மியூசியச் சேகரிப்புப் பதிவு, ஏல நிறுவனங்களில் படத்தை அடையாளம் கண்டு அட்டவணை எழுதுவது, ஆவணக் காப்பகம், கலைப் பதிப்பகம் என்று வேலைகள் உண்டு. ஒரு பொருள் யார் யார் கை மாறி இங்கே வந்தது என்று தேடும் வேலைக்கு இப்போது மதிப்புக் கூடியிருக்கிறது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்களை அடையாளம் கண்டு உரியவர்களோடு தீர்வு காண வேண்டும் என்று 1998 டிசம்பரில் வாஷிங்டனில் 44 நாடுகள் ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு மியூசியங்களுக்குத் தங்கள் சொந்தப் பதிவேட்டையே தோண்ட வேண்டிய நிலைமை. காலனி காலத்தில் தூக்கிக்கொண்டு போனவை, கோயில்களிலிருந்து திருடு போனவை பற்றிய கேள்விகளும் இப்போது விடாமல் வருகின்றன. பழைய ரசீது, கப்பல் பட்டியல், ஏல அட்டவணை இதையெல்லாம் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆய்வு முதுகலை கற்றுக்கொடுப்பது முக்கியமாக அதைத்தான்.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், உதவித்தொகை கிடைக்காவிட்டால் என்ன திட்டம் என்று. பெரிய கடன் வாங்கி இந்தப் படிப்புக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவள் சேரப் போகும் துறையில் கடந்த நான்கைந்து வருடத்தில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று துறைக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல துறை என்றால் பதில் சொல்வார்கள்.

கேள்வி: இணையத்திலேயே எல்லாப் படமும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும்போது எதற்கு நேரில் போக வேண்டும்?
(ஒரு வாசகர்)

பதில்: கிடைக்கட்டும், நானும் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். நியூயார்க் மெட் மியூசியம் 2017இல் ஒரே நாளில் சுமார் 3,75,000 படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது, தீசிஸில் படம் போட அனுமதிக்கட்டணம் கட்டி நொந்தவர்கள் அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் திரையில் அளவு தெரியாது. பாரிஸ் லூவர் மியூசியத்தில் மோனலிசா 77 சென்டிமீட்டர் உயரம். அதே அறையில் எதிர்ச்சுவரில் வெரோனீஸின் "கானா ஊர்க் கல்யாணம்" கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். போனில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள். ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்கள் படம் ஓர் ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

கேள்வி: சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. குறிப்பு மட்டும் மூன்று நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது, தீசிஸில் ஒரு வரி எழுதவில்லை. கைடுக்கு மெயில் போடவே கூச்சமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிடலாமா?
(தூக்கம் வராத மாணவர்)

பதில்: விட வேண்டாம் தம்பி, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். நீங்கள் மாட்டியிருப்பது வாசிப்பில், எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு எழுதலாம் என்று. படித்து முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. நோட்டை மூடிவையுங்கள். உங்கள் முதல் படத்தையோ சிலையையோ எடுத்து, அதைப் பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்கிற மாதிரி 500 சொல் எழுதுங்கள். என்ன பொருளால் செய்தது, எவ்வளவு பெரிது, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் தூரிகை அவசரப்பட்டிருக்கிறது. மேற்கோள் வேண்டாம், கோட்பாடு வேண்டாம், "அற்புதமான" என்ற சொல் வேண்டவே வேண்டாம். எழுதும்போது ஏதாவது ஓர் இடத்தில் பேனா நிற்கும், இந்தக் கை எதற்கு இப்படி இருக்கிறது என்று. அந்த இடத்தில் அடிக்கோடு போடுங்கள்.

அந்தப் பக்கத்தை அப்படியே கைடுக்கு அனுப்பிவிடுங்கள். எட்டு மாதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு பத்தி எழுத வேண்டாம், "இந்த இடத்தில் நின்றுவிட்டேன், பேசலாமா" என்று ஒரு வரி போதும்.